ஈரநிலத் தொட்டி மக்கர் செய்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஈரநிலத் தொட்டி என்றால் வீட்டுக்குள் வைத்த கண்ணாடித் தொட்டியில் பாதி தண்ணீர், பாதி சேற்றுக்கரை. கரையில் வல்லாரை, பொன்னாங்கண்ணி, நீர்ப்பிரமி, கோரை. தண்ணீரில் ஆரைக்கீரை, வாலிஸ்நேரியா, நாலைந்து பேன்சாக்ஸ் மீன், பொடி இறால், நத்தை. மண்ணுக்குள் மண்புழுவும், ஸ்பிரிங்டெயில் என்னும் பொடி மண்பூச்சியும். கீழே வரும் கணக்கெல்லாம் 2 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள இப்படிப்பட்ட தொட்டிக்கு. தண்ணீர் 6 அங்குலம் நின்றால், கரை அடைத்த இடம் போக 20 லிட்டர் தேறும்.

வடசென்னையில் இந்தத் தொட்டி நோயால் கெடுவது அபூர்வம். போர் தண்ணீரின் உப்பு, மெட்ரோ தண்ணீரின் குளோரின், மே மாத வெக்கை, கொசு மருந்து ஆகிய நாலில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். கடைக்காரர் நீட்டுகிற நீல மருந்து, பச்சை மருந்து எதையும் ஊற்றாதீர்கள். அவற்றில் பலவற்றில் செம்புச் சத்து உண்டு. மீன் தாங்கினாலும் நத்தையும் இறாலும் தாங்காது. மருந்துக்குப் பதில் டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது), தெர்மாமீட்டர், அம்மோனியா டெஸ்ட் கிட் மூன்றையும் வாங்கி வையுங்கள். கொளத்தூர் மீன் கடைத்தெருவில் மூன்றும் கிடைக்கும்.

## மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது

முதலில் ஒன்று. பேன்சாக்ஸ் எப்போதுமே நீர்மட்டத்தை ஒட்டித்தான் நிற்கும். தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன, ஆடாமல் நிற்பது அதன் சுபாவம். செவுள் படபடவென்று அடிக்கிறதா, இறாலும் நத்தையும் தண்ணீரை விட்டுக் கண்ணாடியில் ஏறுகின்றனவா என்று பாருங்கள். ஏறினால் கோளாறு உண்மை. அது எப்போது நடக்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

விடியற்காலையில் மட்டும். இரவில் செடிகளும் ஆக்சிஜனைத்தான் இழுக்கும். ஏர் பம்பை இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஆரைக்கீரை நீர்ப்பரப்பை மூடியிருந்தால் பாதியை அள்ளுங்கள். செலவில்லாமல் முடிந்துவிடும்.

மதியம் 2 மணிக்கு மேல். தெர்மாமீட்டரைப் பாருங்கள். 32 டிகிரியைத் தாண்டினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், உயிர்களுக்கோ தேவை கூடும். மேற்கு ஜன்னல் வெயில் தொட்டியில் விழுந்தால் தொட்டியை நகர்த்துங்கள். மூடியைப் பாதி திறந்து, நீர்ப்பரப்பின் மேல் டேபிள் ஃபேன் காற்று படும்படி வையுங்கள். சுமார் 2 டிகிரி இறங்கும். கடல்காற்று புழுங்கும் நாளில் அதுவும் இறங்காது. அப்போது உறையவைத்த அரை லிட்டர் பாட்டிலை மூடியோடு மிதக்கவிடலாம். ஒரு மணி நேரத்தில் 2 டிகிரிக்கு மேல் இறங்கினால் பாட்டிலை எடுத்துவிடுங்கள். ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள்.

தண்ணீர் மாற்றிய ஒரு மணி நேரத்துக்குள். குளோரின். மெட்ரோ தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் அகன்ற பக்கெட்டில் ஏர் பம்ப் ஓடவிட்டு ஒரு நாள் வைத்த பிறகே ஊற்ற வேண்டும். அவசரம் என்றால் ஆன்டி குளோரின் சொட்டு மருந்து, பாட்டிலில் போட்ட அளவுக்கு. அடுக்குமாடி வீடு என்றால் இன்னொரு விஷயம் உண்டு. சம்ப் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்ட வாரத்தில் அந்தத் தண்ணீரைத் தொடவே வேண்டாம்.

நாள் முழுக்க. அம்மோனியா, அதாவது கழிவும் அழுகலும் தண்ணீரில் விடும் விஷம். கிட்டில் 0.25-க்கு மேல் காட்டினால் 6 லிட்டர் தண்ணீரை மாற்றுங்கள். இரண்டு நாள் தீனி நிறுத்துங்கள். மறுநாள் மறுபடி சோதியுங்கள். காரணம் தேடும் வரிசை: செத்த நத்தை, மிஞ்சிய தீனி, உரம் கலந்த மண், புதுத் தொட்டி. செடி நட்ட பிறகு குறைந்தது 4 வாரம் சும்மா விட்டுத்தான் உயிர்களை விட வேண்டும். கரண்ட் பல மணி நேரம் போய் வந்திருந்தால் ஸ்பாஞ்ச் ஃபில்டரில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா செத்திருக்கும். ஸ்பாஞ்சைத் தொட்டியில் இருந்து பக்கெட்டில் எடுத்த தண்ணீரில் அலசிப் போடுங்கள், குழாயடியில் அல்ல. பிஎச் 8-க்கு மேல் இருந்தால் அதே அளவு அம்மோனியா இன்னும் கடுமையாகத் தாக்கும்.

எல்லாம் ஒரே நேரத்தில், சுழன்று சுழன்று. பூச்சி மருந்து. கொசு விரட்டும் திரவம், கொசுவத்தி, எறும்புச் சாக்பீஸ் எல்லாமே மீனுக்கும் இறாலுக்கும் விஷம். மழைக்காலத்தில் மாநகராட்சிப் புகை வண்டி தெருவுக்குள் வரும் சத்தம் கேட்டவுடன் ஏர் பம்பை நிறுத்துங்கள். அது அறைக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுகிறது. ஜன்னலைச் சாத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடி ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள். தாக்கிவிட்டால் உயிர்களைச் சுத்தமான, குளோரின் போன தண்ணீருக்கு மாற்றுங்கள். வேறு வைத்தியம் இல்லை.

இதில் எதுவும் பொருந்தாமல் தினம் ஒன்றிரண்டு சாகிறதா? உடலில் புண், வெள்ளைத் திட்டு, வீக்கம் தெரிகிறதா? அப்போது செத்ததை அல்ல, உயிரோடு தள்ளாடுவதை அதே தண்ணீரோடு பையில் கட்டி மீன் நோய் ஆய்வகத்துக்குக் கொண்டு போங்கள். மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழக வளாகத்தில் நீர்வாழ் உயிரின நல ஆய்வகம் இருக்கிறது. முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது நல்லது.

## செடி மஞ்சளாகிறது, கருகுகிறது, கரைகிறது

இலை நுனி பழுப்பாகக் கருகினால் உப்பு. கடலை ஒட்டிய பகுதிகளில் போர் தண்ணீர் டிடிஎஸ் 1000-ஐத் தாண்டுவது புதிதல்ல. மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது பல்லாண்டுக் கதை. தொட்டிக்கு 150 முதல் 400 போதும். 1200 காட்டும் போர் தண்ணீர் ஒரு பங்கும், 50 காட்டும் கேன் தண்ணீர் மூன்று பங்கும் கலந்தால் 340 அளவில் நிற்கும்.

இதில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவை ஈடுகட்ட மறுபடி போர் தண்ணீரையே ஊற்றினால் மாதாமாதம் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆகவே ஊற்றி நிரப்பக் கேன் தண்ணீர், மாற்றக் கலந்த தண்ணீர். மாதம் ஒருமுறை டிடிஎஸ் பார்த்து எழுதி வையுங்கள். 500 ஆனால் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். தேங்காய் நார்த்தூள் போட்டிருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். அதிலும் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே மண்ணோடு சேர்க்க வேண்டும். கடற்கரை மணல் எக்காரணம் கொண்டும் கூடாது.

அடி இலை மஞ்சளாகி, நுனி நன்றாக இருந்தால் பெரும்பாலும் வெளிச்சம் போதாமை. 2 அடித் தொட்டிக்கு 20 வாட் வெள்ளை எல்இடி, தினம் 8 மணி நேரம். உரம் போடும் எண்ணத்தை அதுவரை தள்ளிப்போடுங்கள்.

தண்டு கூழாகக் கரைந்தால் நட்ட இடம் தப்பு. வல்லாரைக்கு வேர் ஈரத்தில் இருக்கலாம், கழுத்து மூழ்கக் கூடாது. நீர்ப்பிரமியும் பொன்னாங்கண்ணியும் இரண்டு பக்கமும் பிழைக்கும். ஆனால் கரையில் வளர்ந்ததைத் திடீரென்று மூழ்கடித்தால் பழைய இலையை உதிர்த்துவிட்டுத்தான் புதிது விடும். இரண்டு வாரம் பொறுங்கள். கணுவில் வெள்ளை வேர் முளைத்திருந்தால் செடி பிழைத்துக்கொண்டது.

மாற்றுச் செடி வேண்டுமானால் கீரைக்காரம்மாவிடம் வாங்கும் கட்டே போதும். பச்சைப் பொன்னாங்கண்ணியாகப் பாருங்கள். சிவப்பு இலை உள்ள சீமைப் பொன்னாங்கண்ணி வெளிநாட்டுச் செடி. கணுவுக்குச் சற்றுக் கீழே 4 அங்குலத் துண்டாக நறுக்கி, தினம் தண்ணீர் மாற்றி ஒரு வாரம் பக்கெட்டில் வையுங்கள். கீரையில் தெளித்த மருந்து போக வேண்டும். போனதா என்று பார்க்க, கடைசி நாள் அந்தப் பக்கெட்டில் பத்துக் கொசுப் புழுவை விடுங்கள். மறுநாள் காலை அவை நெளிந்தால் செடியை எடுத்துக்கொள்ளலாம். புழுத் தண்ணீரை உடனே காய்ந்த தரையில் கொட்டிவிடுங்கள். நர்சரிச் செடி என்றால் வேர்மண்ணை முழுக்க அலசி, அதில் கடுகு மாதிரி இருக்கும் உர உருண்டைகளைப் பொறுக்கி எறியுங்கள்.

வெளியில் இருந்து எடுப்பதானால், பொன்னேரி, சோழவரம் பக்கத்து வயல் வரப்பில் நிலத்துக்காரரிடம் கேட்டு ஒரு பிடி எடுங்கள். புழல், சோழவரம் குடிநீர் ஏரிகளில் அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது. பழவேற்காடு பறவைகள் சரணாலய எல்லைக்குள் ஒரு கோரையைக்கூடப் பிடுங்கக் கூடாது. எண்ணூர் கழிமுகச் சேறு சும்மா கிடைக்கிறதே என்று அள்ளி வராதீர்கள். அனல்மின் நிலையச் சாம்பலும் படிந்த இடம், 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணெயும் பரவிய இடம். அந்தச் சேறு உப்புச் சேறும்கூட.

## முட்டை அழுகின மாதிரி நாற்றம்

தண்ணீருக்குள் மண் 2 அங்குலத்துக்கு மேல் கனமாக இருந்தால் அடியில் காற்றுப் போகாது. ஒரு ஈர்க்குச்சியை மெதுவாக மண்ணில் குத்துங்கள். குமிழி வந்து நாற்றம் அடித்தால், குச்சி நுனியும் கறுத்திருந்தால், இடம் அதுதான். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கிளறினால் அடியில் அடைந்த வாயு மீனைக் கொன்றுவிடும். முதல் நாள் கால் பங்கு, மூன்று நாள் விட்டு அடுத்த கால் பங்கு என்று குத்திவிட்டு, அன்றன்றைக்கே 4 லிட்டர் மாற்றுங்கள். மண்ணுக்குள் புதைந்து திரியும் கூம்பு வடிவச் சின்ன நத்தைகள் பத்து இருந்தால் பிறகு இந்த வேலையை அவையே பார்த்துக்கொள்ளும்.

நாற்றம் கரையில் இருந்து வந்தால் வடிகால் அடைத்திருக்கிறது. கரைக்கு அடியில் 2 அங்குலம் சுட்ட களிமண் உருண்டை, அதன் மேல் நைலான் கொசுவலை, அதன் மேல்தான் மண் என்று இருக்க வேண்டும். வலை போடாமல் விட்ட தொட்டியில் சில மாதத்தில் மண் இறங்கி உருண்டைகளுக்கு இடையே சிமெண்ட் மாதிரி அடைத்துக்கொள்ளும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. கரையைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டியதுதான்.

செத்த நத்தையை மறந்துவிடாதீர்கள். 20 லிட்டரைக் கெடுக்க ஒரு பெரிய நத்தை போதும். ஒரு நாளாக அசையாமல் கிடந்தால் எடுத்து மோந்து பாருங்கள். சந்தேகமே இருக்காது.

## தண்ணீர் நிறம் மாறுகிறது

வெள்ளைக் கலங்கல் புதுத் தொட்டியில் வரும், ஒரு வாரத்தில் தானே தெளியும். அதற்காகத் தண்ணீரை மாற்ற மாற்ற இன்னும் நீளும். டீத் தண்ணீர் நிறம் கட்டையும் வாதாம் இலையும் விட்ட கறை, கெடுதல் இல்லை. பச்சை என்றால் வெயிலும் தீனியும் அதிகம். மூன்று நாள் கறுப்புத் துணி சுற்றி, பிறகு விளக்கை 6 மணி நேரமாகக் குறையுங்கள். சேற்றுக் கலங்கல் என்றால் மண்ணின் மேல் கழுவிய ஆற்றுமணல் ஒரு அங்குலம் போடாமல் விட்டிருப்பீர்கள், அல்லது தண்ணீரைச் சொம்பால் மொத்தமாகக் கவிழ்த்திருப்பீர்கள். எம்-சாண்டு வேண்டாம். அதன் தூள் தெளியவே தெளியாது.

மேலே வானவில் நிறத்தில் படலம் மிதந்தால் பயப்படும் முன் ஒரு குச்சியால் தொடுங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து பிரிந்தால் அது பாக்டீரியாப் படலம், செய்தித்தாளைப் பரப்பி எடுத்தால் வந்துவிடும். உடையாமல் வளைந்து மறுபடி கூடினால் எண்ணெய். எண்ணெய் என்றால் பம்ப், மண், கை மூன்றில் எது என்று பாருங்கள். பாதித் தண்ணீரை அன்றே மாற்றுங்கள்.

## நத்தை ஓட்டில் வெள்ளைக் குழி

கேன் தண்ணீரை மட்டுமே ஊற்றும் தொட்டியில் இது வரும். டிடிஎஸ் 100-க்குக் கீழே, பிஎச் 7-க்குக் கீழே போனால் ஓடு கரையும். காசிமேட்டில் கணவாய் சுத்தம் செய்யும் இடத்தில் அதன் வெள்ளை ஓட்டைக் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். உப்பு போக மூன்று நாள் ஊறவைத்து, 2 அங்குலத் துண்டு போடுங்கள். பழைய குழி ஆறாது. புதிதாக வளரும் விளிம்பு வழவழப்பாக இருந்தால் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு மேலே இளஞ்சிவப்பு முட்டைக் கொத்து தெரிந்தால் உங்களிடம் இருப்பது நாட்டு ஆப்பிள் நத்தை அல்ல, தென் அமெரிக்க இனம். நாட்டு நத்தை வெள்ளை முட்டையை ஈர மண்ணில் இடும். கொத்தைச் சுரண்டி ஃப்ரீசரில் ஒரு நாள் வைத்துக் குப்பையில் போடுங்கள். சாக்கடையிலோ கால்வாயிலோ போடாதீர்கள்.

## கொசு, குட்டி ஈ, எறும்பு

மீன் இருக்கும் தண்ணீரில் கொசுப் புழு நிற்காது. பேன்சாக்ஸ் விட்டுவைக்காது. புழு இருக்கும் இடம் மீன் போக முடியாத இடம்தான்: கரைப்பள்ளம், கவிழ்க்காமல் வைத்த கொட்டாங்குச்சி, மூடியின் தடம், எறும்புக்காக ஸ்டாண்டு காலுக்கு அடியில் வைத்த கிண்ணம். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள். அதனால் வாரம் ஒரு நாள் டார்ச் அடித்துப் பார்த்து, பள்ளத்தை மணல் போட்டு மேடாக்குங்கள். மாநகராட்சி ஊழியர்கள் வீட்டுக்குள் வந்து பார்க்கும்போது தொட்டியில் மீனைக் காட்டினால் போதும், கிண்ணத்தில் புழு இருந்தால் நோட்டீஸ்தான்.

மண்ணில் இருந்து கிளம்பும் கறுப்புக் குட்டி ஈ, மேல்மண் எப்போதும் சொதசொதப்பாக இருப்பதன் அடையாளம். தெளிப்பதை நிறுத்தி மேலே அரை அங்குலம் காயவிடுங்கள். மஞ்சள் ஒட்டுத்தாள் ஒன்று மாட்டுங்கள்.

எறும்பு பெரும்பாலும் ஒயர் வழியாக வரும். ஒயரில் வேசலின் தடவுங்கள். ஸ்டாண்டு கால்களைச் சோப்புத் தண்ணீர் கிண்ணத்தில் வையுங்கள். சோப்பு இருந்தால் அதில் கொசுவும் முட்டையிட்டுப் பிழைக்காது. கரைக்குள்ளேயே புற்று வைத்துவிட்டதா? கரை காய்ந்திருக்கிறது. கரை நனைகிற வரை நீர்மட்டத்தை ஒரு மணி நேரம் ஏற்றுங்கள், முட்டையைத் தூக்கிக்கொண்டு அவையே கிளம்பும்.

## கூப்பிடாமல் வந்தவை

வயல் செடியோடு தட்டான் லார்வா, அட்டை, தவளை முட்டை எல்லாம் வரும். புதுச் செடியைத் தனிப் பக்கெட்டில், வலை போட்டு மூடி, 14 நாள் வைத்தால் பாதித் தலைவலி தொட்டிக்கு வராது. மீன் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், எலும்புகூடக் கிடைக்கவில்லை என்றால் தட்டான் லார்வாதான். இரவில் டார்ச் அடித்து வலையால் எடுங்கள்.

தலைப்பிரட்டை அல்லது தவளை முட்டை பக்கெட்டிலேயே தெரிந்தால், தொட்டித் தண்ணீரோடு கலக்காமல், எடுத்த அதே வயலில் அன்றைக்கே விட்டுவிடுங்கள். தவளை, ஆமை, பாம்பு எதையும் இந்தத் தொட்டிக்காகப் பிடிக்கவோ வாங்கவோ வேண்டாம். வயல் கிணற்றில் சாதாரணமாகக் காணும் பால் ஆமை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்கி வைக்காமல் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். மீனும் இறாலும் பண்ணையில் வளர்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

பேன்சாக்ஸ் என்று வாங்கியது குட்டியாகப் போட்டுத் தள்ளினால் அது பேன்சாக்ஸ் அல்ல. பேன்சாக்ஸ் முட்டையிடும் மீன். தலையில் வெள்ளிப் பொட்டு இல்லாமல் குட்டி போடுவது கம்பூசியாவாகவோ கப்பியாகவோ இருக்கும். இரண்டும் வெளியூர்ச் சரக்கு. கடையில் திருப்பிக் கொடுங்கள். ரெட்டேரியில் விடுவது புண்ணியம் அல்ல, அங்கே இருக்கிற நாட்டு மீனுக்குச் செய்யும் துரோகம்.

## தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது

நீர்மட்டத்தில் டேப் ஒட்டுங்கள். மூடி போட்டு, ஃபேனை நிறுத்தி, ஒரு இரவு விடுங்கள். மட்டம் அப்படியே நின்றால் ஆவியாதல்தான். இந்த அளவுத் தொட்டியில் 5 மில்லிமீட்டர் குறைந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர். கோடையில் திறந்த தொட்டிக்கு இது ஒரு நாள் கணக்கு.

மூடியும் குறைந்தால் விளிம்பைத் தடவுங்கள். பாசியோ வல்லாரைக் கொடியோ ஈரத் துணியோ விளிம்பைத் தாண்டித் தொங்கினால் அதன் வழியாகவே சொட்டுச் சொட்டாக இறங்கிவிடும். வெட்டிவிட்டால் நின்றுவிடும். அதுவும் இல்லை, காய்ந்த செய்தித்தாளை அடியில் வைத்தால் ஒரு மூலை மட்டும் நனைகிறது என்றால் சிலிக்கான் விட்டுவிட்டது. உயிர்களை மாற்றி, தொட்டியைக் காலி செய்து, பழைய சிலிக்கானை பிளேடால் முழுக்கச் சுரண்டுங்கள். பழசின் மேல் புதுசு ஒட்டாது. பூஞ்சை எதிர்ப்பு என்று எழுதியதை வாங்காதீர்கள், அந்த மருந்து தண்ணீரில் இறங்கும். வினிகர் வாசனை முழுக்கப் போகும் வரை, குறைந்தது 3 நாள், காயவிட்டு, வெறும் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் பார்த்த பிறகே மண் போடுங்கள்.

அடிக்கண்ணாடியில் கீறல் ஓடியிருந்தால் நீங்கள் ஒட்டிப் பார்க்க வேண்டாம், தொட்டி செய்பவரிடம் கொடுங்கள். மண்ணும் கல்லும் தண்ணீருமாக 60 கிலோவுக்கு மேல் நிற்கும் பொருள் அது. ஸ்டாண்டு ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் புதுக் கண்ணாடியும் அதே இடத்தில்தான் விடும். ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு வையுங்கள்.

## தண்ணீரில் கை வைத்தால் சுர்ரென்கிறது

பம்பையும் லைட்டையும் கையால் பிடுங்காதீர்கள். மெயினை அணைத்துவிட்டுப் பிளக்கை எடுங்கள். பிறகு ஒயர் ஒவ்வொன்றும் சாக்கெட்டுக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறுகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் ஒயரில் வழியும் தண்ணீர் சாக்கெட்டுக்குள் போகாமல் கீழேயே சொட்டும். ஒயர் தோல் வெடித்த பம்பை டேப் சுற்றி ஓட்டாமல் தூக்கி எறியுங்கள். பழைய வீடுகளில் எர்த் இணைப்பு பெயருக்குத்தான் இருக்கும். எந்தக் கருவி என்று தெரியவில்லை என்றாலும், தெரிந்து மாற்றிய பிறகும் சுர்ரென்றாலும், எலக்ட்ரீஷியன் வந்து எர்த்தைச் சோதித்து 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் சுவிட்ச்) மாட்டும் வரை தொட்டிக்குக் கரண்ட் கொடுக்கக் கூடாது. அதுவரை ஏர் பம்ப் மட்டும் பேட்டரியில் ஓடட்டும்.